ரெண்டு நாள்ல பகோலோட், முட்டி வலி இருக்கற அம்மாவோட

அம்மாவுக்கு முட்டி வலி, ரெண்டே நாள், பிலிப்பைன்ஸ்ல மணிலாலேர்ந்து, பகோலோட் நகரம் இருக்கற நீக்ரோஸ் ஆக்ஸிடென்டல் மாகாணத்துக்குப் போறது சரியா வருமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போங்க, ஆனா கன்லாவோன் மலையை பிளான்லேர்ந்து எடுத்துடுங்க, அது 2024ல வெடிச்ச எரிமலை, அம்மாவ கூட்டிட்டுப் போற இடமே இல்ல.

பகோலோட் ஏர்போர்ட்டே சிலாய்ங்கற பக்கத்து ஊர்லதான் இருக்கு, அதனால நேரா பகோலோட் ஓடாம முதல்ல சிலாய பாருங்க. கரும்பு முதலாளிங்க கட்டின பழைய மரவீடுங்க வரிசையா நிக்கும், அதுல பாலாய் நெக்ரென்ஸே மியூசியம், 1890கள்ல கட்டினது, மாடிப்படி இருக்கு, அம்மா கீழயே உக்காந்துக்கலாம்.

அப்புறம் தலிசாய்ங்கற ஊர்ல தி ரூயின்ஸ். மரியானோ லாக்சன்ங்கற கரும்புப் பண்ணைக்காரர் செத்துப்போன மனைவி நினைவா கட்டின மாளிகை. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் கைக்குப் போயிடக்கூடாதுன்னு ஜப்பானை எதுத்து மறைஞ்சு சண்டை போட்ட கெரில்லாக்களே, அதாவது பிலிப்பினோ ஆளுங்களே, கொளுத்திட்டாங்க. இன்னைக்கும் சுவரும் தூணும் அப்படியே நிக்குது, தரை சமமாதான் இருக்கும், சாயங்காலம் நாலரைக்கு மேல போங்க, அந்த வெயில்ல சுவரெல்லாம் தங்கமா மாறுறத அம்மா கண்டிப்பா பாக்கணும்.

சாப்பாடுன்னா எல்லாரும் சிக்கன் இனசால்தான் சொல்லுவாங்க, அது மசாலால ஊறவச்சு கரியில சுட்ட கோழி. அம்மா சைவம்னு எழுதியிருக்கீங்க, உள்ள கருப்பு வெல்லம் வச்ச பியாயா ரொட்டி இருக்கு, நம்ம போளி மாதிரிதான், ஆனா பன்னிக்கொழுப்பு சேர்த்திருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

அக்டோபர்ல பகோலோட்ல மாஸ்காரா திருவிழா. 1980ல சர்க்கரை விலை விழுந்து, கப்பல் விபத்துல நிறைய பேர் செத்து ஊரே துவண்டு கெடந்தப்ப ஆரம்பிச்சது. அந்தக் கூட்டத்துல அம்மாவால நிக்க முடியாது, வேற மாசம் போங்க.