குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

கேள்வி: எனக்கு 66 வயது, என் வீட்டுக்காரருக்கு 71. ஒன்பதரைக்குப் படுத்தால் அவர் ஐந்தே நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிடுகிறார். நானோ அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று அசையாமல் படுத்து, மணி ஒன்று, இரண்டு அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் சொன்னால், "பாத்ரூம் போக எழுந்தப்ப எல்லாம் பார்த்தேன், நீ நல்லாத்தான் தூங்கினே" என்கிறார். வயதானால் பெண்களுக்குத்தான் தூக்கம் போய்விடுமா? மாத்திரை போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, "பாத்ரூம் போக எழுந்தப்ப எல்லாம்" என்று அவரே சொல்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? அப்படியானால் ராத்திரியில் பல தடவை எழுவது அவர்தான்.

நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்து முதியவர்கள் 900க்கும் மேற்பட்டோர் கையில் வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டி, தூக்கத்தை அளந்தார்கள். 2009இல் வந்த முடிவு இதுதான்: தூக்கம் சரியில்லை என்று அதிகம் சொன்னது பெண்கள், ஆனால் கருவியின் கணக்குப்படி அதிக நேரம், குறைவான தடங்கலோடு தூங்கியதும் பெண்களே. ஆழ்ந்த தூக்கமும் வயதாக ஆக ஆண்களுக்குத்தான் அதிகம் குறைகிறது.

அதற்காக நீங்கள் சொல்வது பிரமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவி அளப்பது உடல் அசைவை மட்டும்தான், அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளும், உங்கள் வீட்டுக்காரர் நினைத்தது போலவே. தூக்கமின்மை ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 40 சதவீதம் அதிகம், வயது ஏற ஏற அந்த வித்தியாசமும் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடம்புச் சூடு, வியர்வை, மூட்டுவலி, மனக்கவலை எல்லாம் இதில் சேரும்.

எனக்கு உண்மையில் கவலை அவரைப் பற்றித்தான். சத்தமான குறட்டை, படுத்ததும் தூக்கம், நடுநடுவே சிறுநீர் என்று மூன்றும் சேர்ந்தால் ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு மறுபடி தொடங்குகிறதா என்று பாருங்கள். பகலில் பேப்பர் படிக்கும்போதே கண் அசந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பிரஷரை ஏற்றுகிற நோய் இது, விடாதீர்கள். புராஸ்டேட், சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆப்னியா வரும், பெரிய குறட்டை இல்லாமலேகூட. எழுந்ததும் தலைவலி, நாள் முழுக்க அசதி இருந்தால் உங்களையும் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடவே போடாதீர்கள். ராத்திரி தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதில் போய் முடியலாம், ஆப்னியா இருந்தால் சில மாத்திரைகள் அதையும் மோசமாக்கும். அவர் படுக்கிறார் என்பதற்காக நீங்களும் ஒன்பதரைக்கே ஏன் படுக்க வேண்டும்? 65க்கு மேல் 7, 8 மணி நேரத் தூக்கம் போதும். கண் சொக்கும்போது, பத்தரையோ பதினொன்றோ, படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், மறுபடி சொக்கினால் வந்து படுத்தால் போதும். மணி அடிக்கும் கடிகாரத்தைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு வாரம் அவர் எத்தனை தடவை எழுகிறார், நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து, இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள்.