சிவப்புக் கை நாள்: கேட்டதும் சொன்னதும்

திருச்சி கல்லூரி மாணவி: அக்கா, சிவப்புக் கை எதற்கு? ஏன் பிப்ரவரி 12?

பிள்ளைகளைப் போரில் இறக்காதே என்று சொல்லத்தான் சிவப்புக் கை. குழந்தைகள் உரிமை உடன்படிக்கைக்குத் துணையாக 2000 மே மாதம் ஐ.நா. ஒரு நெறிமுறையை ஏற்றது. 18 வயது நிரம்பாத யாரையும் நேரடிச் சண்டையில் இறக்கக் கூடாது. ஆயுதக் குழுக்கள் அவர்களைச் சேர்க்கவே கூடாது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2002 பிப்ரவரி 12. பிறகு பல நாட்டுப் பிள்ளைகள் கையைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துத் தாளில் பதித்து, பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள். 2009இல் அதே நாளில், 101 நாடுகளிலிருந்து சேர்ந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைகள் நியூயார்க்கில் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூனிடம் போய்ச் சேர்ந்தன.

மதுரை ஆசிரியர்: எந்தப் பெயின்ட் நல்லது?

போஸ்டர் கலர். துணிக்குப் பூசுவது வேண்டாம், நகக்கண்ணில் ஒரு வாரம் இருக்கும். பிரஷ்ஷால் மெலிதாகத் தடவுங்கள். கெட்டியாக இருந்தால் கையை எடுக்கும்போது தாளும் கூடவே வரும்.

சேலம்: துப்பாக்கி பிடித்த சிறுவன் படத்தைப் போஸ்டரில் போடலாமா?

கூடாது. முகம் தெரியும் எந்தப் பிள்ளையின் படமும் கூடாது. அவன் நாளை ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் போக வேண்டியவன்.

கோவை: துப்பாக்கி தூக்கினால்தானே சிறார் போராளி?

இல்லை. சமைத்தவன், சுமை தூக்கியவன், சேதி கொண்டுபோனவன், உளவு பார்த்தவன், பாலியல் கொடுமைக்காகப் பிடித்துப்போன சிறுமி எல்லாரும் அதில் சேர்த்தி. 2007இல் சிறார் போராளிகள் பற்றிய பாரிஸ் கோட்பாடுகள் இதைத் தெளிவாக்கின. காரணம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் உள்நாட்டுப் போருக்குப் பின் துப்பாக்கியை ஒப்படைத்தால்தான் மறுவாழ்வுத் திட்டத்தில் இடம் என்ற நிலை இருந்தது. ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லாத சிறுமிகள் பலர் வெளியே நின்றார்கள்.

சென்னை: ஏன் பிப்ரவரி 12?

முதல் பதிலைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: காங்கோ, சியரா லியோன் என்று சுற்றிவிட்டுப் புலிகளிடம் வரும்போது நழுவுவீர்கள்.
டொரன்டோ: அது விடுதலைப் போர். பிள்ளைகள் தாமாகவே போனார்கள். இதெல்லாம் மேற்கத்தியப் பிரசாரம்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நழுவவில்லை. 2003 முதல் 2008 முடிய புலிகள் சேர்த்த சிறார் என்று யுனிசெஃப் பதிவு செய்தது 6,000க்கும் மேல். 2004இல் புலிகளிடமிருந்து பிரிந்துபோன தளபதி கருணாவின் தரப்பும் கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது, அரசுப் படைகளின் கண்முன்னே.

டொரன்டோக்காரரே, தாமாகப் போனவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில் 14 வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன வழி தெரிந்திருக்கும்? அதனால்தான் ஆயுதக் குழு என்றால் சட்டம் பிள்ளையின் சம்மதத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அப்புறம், வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்த காலத்தில் பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்து வைத்ததும், அவசர அவசரமாகக் கல்யாணம் கட்டி வைத்ததும் மேற்கத்தியர்கள் இல்லை. பெற்ற தாய் தகப்பன்.

டொரன்டோ (மறுபடி): வெள்ளைக்காரனைக் கேட்க மாட்டீர்களே!

கேட்கிறேனே. அரசுப் படைகள் 16 வயதிலிருந்து விருப்பத்தின் பேரில் சேர்க்கலாம் என்று அந்த நெறிமுறையே ஓட்டை விட்டிருக்கிறது. பிரிட்டன் இன்னும் 16இல் சேர்க்கிறது. ஜெர்மனி நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிவப்புக் கை பதிக்கிறார்கள். அவர்கள் ராணுவம் பெற்றோர் சம்மதித்தால் 17இல் எடுக்கிறது. இந்தியாவும் 2005இல் நெறிமுறையில் சேர்ந்தபோது பதினாறரை என்றுதான் எழுதிக் கொடுத்தது, 18க்குப் பிறகே களத்துக்கு அனுப்புவோம் என்ற உறுதியோடு. எல்லாருக்கும் 18 என்று இளைஞர்கள் கேட்பது இதனால்தான்.

இந்தச் சண்டையை இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: 15 வயதா, 18 வயதா? குழப்பமாக இருக்கிறது.

1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 15. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் 15தான். அதற்குக் கீழே சேர்த்தால் போர்க்குற்றம். காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா 2012இல் அப்படித்தான் 14 ஆண்டு தண்டனை பெற்றார். 18 என்பது நான் முதலில் சொன்ன நெறிமுறை.

நெல்லை: தம்பிக்கு 16. என்.சி.சி.யில் சேர்க்கலாமா?

தாராளமாக. அது ராணுவ ஆட்சேர்ப்பு இல்லை. விவரம் பள்ளியில் கேளுங்கள்.

கரூர்: ஏன் பிப்ரவரி 12?

ஐயா!

தஞ்சை: பெயின்டுக்குப் பதிலாக மருதாணி வைக்கலாமா?

மருதாணி கையில்தான் நிற்கும். நமக்குத் தாளில் நிற்க வேண்டும். காயவைத்து, அடுக்கி, தபாலில் அனுப்பியாக வேண்டும்.