பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தைக்குக் காது கேளாமைக்காக டிஸெபிலிட்டி பென்ஷன் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த உங்கள் தந்தையார் பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2012-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது பெங்களூரில் உங்களுடன் இருக்கிறார். ஓய்வின்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வு பெறுபவரைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு), இரு காதுகளிலும் உள்ள கேள்திறன் இழப்பை 20 சதவீதம் என்று எழுதிவிட்டு, அது பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்று முடித்துவிட்டது. அப்போது யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கலாமா என்கிறீர்கள்.

கேட்கலாம். நானும் அதே படையில் இருந்து, நாயப் சுபேதாராக ஓய்வு பெற்று, அல்சூரில் குடியிருப்பவன். என் கதை உங்கள் தந்தையாருடையதற்கு நேர் எதிரானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் போர்டு, காது கேளாமை பீரங்கிச் சத்தத்தால் வந்ததுதான் என்று தாராளமாக ஒப்புக்கொண்டது. ஆனால் சதவீதத்தை 15-லிருந்து 19-க்குள் என்று எழுதியது. பணிக்காலம் முழுவதையும் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20 சதவீதத்துக்குக் குறைந்தால் டிஸெபிலிட்டி எலிமென்ட் (இயலாமைக்காக வழக்கமான பென்ஷனோடு சேர்த்துத் தரும் தொகை) கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில், விங் கமாண்டர் எஸ்.பி. ராத்தோர் வழக்கில், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அத்தோடு என் கோரிக்கை முடிந்தது. அந்த 20 என்ற எண் உங்கள் தந்தையாரிடம் இருக்கிறது. அவருக்கு இல்லாதது, பணிதான் காரணம் என்ற ஒப்புதல் மட்டும்தான், அதை வழக்கில் மீட்க முடியும்.

என் எண் குறைந்ததற்குப் பெரும்பங்கு நானே பொறுப்பு. படையில் ஒருவரின் உடல் தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டில் எழுதுவார்கள் என்பதும், அதில் ‘ஹெச்’ என்பது செவித்திறனைக் குறிக்கும் என்பதும் உங்கள் தந்தையாருக்குத் தெரிந்திருக்கும். அந்த எழுத்துக்கு எதிரே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விழுந்தால் கோர்ஸ் போகும், பிரமோஷன் தள்ளிப்போகும் என்ற பயத்தில், காதில் சில்வண்டு கத்துவது போன்ற இரைச்சல் இரவெல்லாம் கேட்டபோதும் நான் எம்.ஐ. ரூம் (படைப்பிரிவின் மருத்துவ அறை) பக்கம் போனதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனையில் மருத்துவர் சுமார் ஆறு மீட்டர் தொலைவில் நம்மை முதுகைக் காட்டி நிற்கவைத்து, கிசுகிசுப்பாக எண்களைச் சொல்லுவார். அதில் தேறிவிடுவது பழகியவனுக்கு அவ்வளவு கடினமில்லை. துப்பாக்கியும் பீரங்கியும் முதலில் கெடுக்கும் உயர் அலைவரிசை இழப்பு அந்தச் சோதனையில் எளிதாகத் தப்பிவிடும். 1999 கோடையில் 155 மில்லிமீட்டர் பீரங்கிகளின் பக்கத்தில் நின்ற நாட்களிலும், காதடைப்பானை மாட்டினால் கட்டளை கேட்காது என்று பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டவர்கள்தாம் நாங்கள். அந்தப் பஞ்சால் எவ்வளவு பயன் என்பதை இப்போது என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

இனி காரணத்துக்கு வருகிறேன். உங்கள் தந்தையாரின் தாளில் ‘என்.ஏ.என்.ஏ.’ என்று இருக்கும், படையில் அதை ‘நானா’ என்றே சொல்லுவோம். பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்பது அதன் பொருள். இந்தச் சொல்லுக்கு எதிரான வலுவான தீர்ப்பு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தரம்வீர் சிங் வழக்கின் தீர்ப்பு. படையில் சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் அந்தக் குறை பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த குறை பணியின் காரணமாக வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. மருத்துவக் குழு வேறுவிதமாகக் கருதினால் அதற்கான காரணத்தை எழுதியாக வேண்டும். இவையே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே முதலில் போர்டு தாளைப் பிரித்து, நானா என்ற முடிவுக்கு எதிரே காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெறுமனே ‘பணியோடு தொடர்பில்லை’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால், உங்கள் வழக்கின் பாதி பலம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மீதி பாதி ஆடியோகிராமில், அதாவது கேள்திறன் சோதனையின் கோட்டுப்படத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் பலர் தீர்ப்புகளை மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள், இந்த ஒற்றைத் தாளைப் படிப்பதில்லை என்பது என் குறை. இரைச்சலால் கெட்ட காதின் கோட்டுப்படத்தில், 3000 ஹெர்ட்ஸுக்கும் 6000 ஹெர்ட்ஸுக்கும் இடையில், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி, ஒரு பள்ளம் விழுந்து, 8000 ஹெர்ட்ஸில் கோடு ஓரளவு மீண்டும் மேலேறும். முதுமையால் கெட்ட காதில் அப்படி மேலேறாது, கோடு ஒரே சரிவாக இறங்கிக்கொண்டே போகும். வயது ஏற ஏற இரண்டும் கலந்து பள்ளமே மறைந்துவிடுவதால், இன்று எடுக்கும் சோதனையைவிட 2012-ல் அல்லது அதற்கு முன் எடுத்த ஆடியோகிராமே மதிப்பு மிக்கது. அப்போது அவருக்கு நாற்பத்து சொச்ச வயதுதான் இருந்திருக்கும், முதுமையைக் காரணம் காட்ட இடமில்லை. அதோடு, அவர் எந்தப் பீரங்கியில், டிடாச்மென்டில் (பீரங்கியை இயக்கும் குழுவில்) எத்தனையாவது எண்ணாக நின்றார், எந்தெந்த ரேஞ்சுகளில் சுட்டார் என்பதை அவர் வாயால் சொல்லச் சொல்லி இப்போதே எழுதி வையுங்கள். குண்டு போடுபவருக்கும் கமாண்ட் போஸ்டில் கணக்குப் போடுபவருக்கும் காதில் விழும் சத்தம் ஒன்றல்ல.

காகிதங்கள் வீட்டில் இல்லையென்றால், அவர் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு விண்ணப்பித்து, சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைக் குறிப்பு, இடையில் ராணுவ மருத்துவமனையில் காதுக்காகச் சேர்ந்திருந்தால் அதன் தாள்கள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் தகுதி விதிகளின்படி, கோருபவர் பொதுவாக எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் ஓய்வு பெற்று 15 ஆண்டுகள் கழித்துக் கோரிக்கை வந்து, அதற்குள் பணி ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு கோருபவர் தலையில் விழும். உங்கள் தந்தையாருக்கு அந்த 15 ஆண்டுகள் 2027-ல் முடிகின்றன. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருப்பதைச் சிலர் சொல்லிக் குழப்பக்கூடும். 2012-ல் ஓய்வு பெற்றவரின் கோரிக்கையை அன்றைய விதிகளைக் கொண்டே பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 100 சதவீத இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை, அதற்குக் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். கணக்குக்காக ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு இயலாமைக்கு 12,000, 20 சதவீதத்துக்கு 2,400. ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. முன்பு உடல்நலக் குறைவால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த அந்தச் சலுகை, பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உரியது என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. அதன்படி 2,400 என்பது 6,000 ஆகும், அகவிலை நிவாரணம் தனி. மனுவில் இந்த உயர்த்தலைத் தனியாகக் கேட்டு எழுத மறந்துவிடாதீர்கள். என் நண்பர் ஒருவர் மறந்துபோய், அதற்கென்று இன்னொரு வழக்குப் போட்டார். நிலுவையைப் பொறுத்தவரை, தாமதமாக வருபவருக்கு வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று 2008-ல் தர்செம் சிங் வழக்கில் வகுத்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

வழி இதுதான்: முதலில் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீடு. காலம் கடந்துவிட்டது என்று பதில் வரலாம், வந்தால் அந்தப் பதிலும் ஒரு ஆவணம்தான். ஆறு மாதம் பதிலே இல்லாவிட்டாலும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் கூடவே வைக்க வேண்டும். பெங்களூரில் வசிக்கும் தமிழர்கள் பலர் பழக்கத்தில் சென்னை அமர்வைத் தேடிப் போகிறார்கள். ஓய்வு பெற்றவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்தை வைத்தே மனுச் செய்யலாம் என்பதால், கர்நாடக முகவரியில் இருப்பவர்களுக்கு உரியது கொச்சி அமர்வு. தந்தையார் உண்மையில் வேலூரில் அதிக நாட்கள் இருக்கிறார் என்றால் சென்னை பொருந்தும்.

கடைசியாக, காதுக் கருவி போட்டுக்கொண்டால் ‘குணமாகிவிட்டது’ என்று கோரிக்கையைத் தள்ளிவிடுவார்களோ என்று அவர் அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் தேவையற்றது, ஆடியோகிராம் எடுக்கும்போது கருவியைக் கழற்றிவிட்டுத்தான் அளப்பார்கள். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் பரிந்துரை பெற்றுக் கருவியை இப்போதே வாங்கிக்கொடுங்கள். நான் ஏழு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். அந்த ஏழு ஆண்டுகளும் எங்கள் தெருக் கடைக்காரர் எனக்குக் கன்னடம் தெரியாது என்றே நினைத்து, எல்லாவற்றையும் விரல்விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.