எடைச் சீட்டை மாற்றச் சொல்வது மேலாளர் என்றால்?

கேள்வி: அக்கா, டர்பனில் பிராஸ்பெக்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேட்டில் சீட்டு எழுதுகிறேன். லேபர் புரோக்கர், அதாவது வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர் மூலம் வந்த ஆள் நான். கழிவு இரும்பு ஏற்றிய லாரி எடைமேடையில் 9 டன் காட்டினால், சீட்டில் 6 டன் என்று எழுதச் சொல்கிறார் மேலாளர். இரண்டு தடவை பயந்துபோய் எழுதியும் கொடுத்துவிட்டேன். போன மாதம் சாப்பாட்டு அறையில் 'விசில்புளோயர் பாலிசி' (முறைகேட்டை எடுத்துச் சொல்பவர்களுக்கான நடைமுறை) என்று ஒரு தாளை ஒட்டினார்கள். பெயர் சொல்லாமல் பேச அதில் ஒரு இலவச எண் இருக்கிறது. பேசலாமா? பபிதா தியோகரனை நினைத்தால் கை நடுங்குகிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. கவுட்டெங் மாகாண சுகாதாரத் துறையில் நிதிப் பொறுப்பில் இருந்த பபிதா, தெம்பிசா மருத்துவமனையிலிருந்து போன 850 மில்லியன் ராண்ட் அளவிலான சந்தேகத்துக்குரிய பணத்தைச் சுட்டிக்காட்டி, விசாரிக்கச் சொன்னவர். 2021 ஆகஸ்ட் 23 அன்று, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். 2023-இல் ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததை அறிந்த யாரும் உங்களிடம் "பயப்படாதே, சட்டம் இருக்கிறது" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த இலவச எண்ணை முதலில் அழைக்காதீர்கள். பெயர் சொல்லாமல் பேசுவதுதான் பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது நேர்மாறு. கேட்டில் சீட்டு எழுதுபவர்கள் எத்தனை பேர்? இருவரோ மூவரோ. எடை விஷயம் வெளியே வந்த அன்றே மேலாளருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் புரோக்கரிடமிருந்து "இனி வர வேண்டாம்" என்று செய்தி வரும். அப்போது நீங்கள் நடுவரிடம் போய், "நான் தகவல் சொன்னதால்தான் நீக்கினார்கள்" என்று சொன்னால், "இவர் சொன்னார் என்பதே எங்களுக்குத் தெரியாதே" என்று அவர்கள் கையை விரிப்பார்கள். நீங்கள் பேசியதற்கு அத்தாட்சியும் இருக்காது. ஜேக்கப்ஸில் ஒரு தொழிலாளிக்கு நடந்ததை நான் தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தபோது கூடவே இருந்து பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லியிருந்தார். விசாரணையில் மேலாளர், "என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை" என்ற ஒரே வரியில் அவரைத் தோற்கடித்துவிட்டார். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

நம் தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று இருப்பது 2000-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம், புரொடெக்டட் டிஸ்க்ளோஷர்ஸ் ஆக்ட். முறைகேட்டைச் சொல்லும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்பதுதான் அது. 2017-இல் அதைத் திருத்தி, உங்களைப் போன்ற புரோக்கர் ஆட்களையும், ஒப்பந்தக்காரர்களையும், வேலையை விட்டுப் போனவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலைக்குத் தெரிந்தோ, அது சொல்லியோ புரோக்கர் உங்களைப் பழிவாங்கினால் இருவருமே பொறுப்பு.

இந்தச் சட்டத்தில் பல வாசல்கள் உண்டு. உங்களுக்கு முதல் வாசல் வழக்கறிஞர். சட்ட ஆலோசனை கேட்பதற்காக வழக்கறிஞரிடமோ, சட்ட ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டவரிடமோ சொல்வது எதுவானாலும் பாதுகாப்புக்குள் வரும். மற்ற வாசல்களில் நல்லெண்ணத்தோடு சொன்னீர்களா என்று பார்ப்பார்கள். இங்கே அந்த நிபந்தனை கிடையாது. பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். லீகல் எய்ட் அலுவலகமோ குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமோ, எது வசதியோ அங்கே போய்க் கேளுங்கள். வழக்கறிஞர் முதலில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு சீட்டு. ரகசியத்தை வெளியே சொன்னதற்காக உங்கள்மேல் வழக்குப் போட்டால் சட்டம் தடுக்கலாம். முறைகேட்டில் உங்களுக்கு இருக்கும் பங்கிலிருந்து அது உங்களை விடுவிக்காது. எனவே அந்த இரண்டு சீட்டைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மூன்றாவது சீட்டு எழுதாதீர்கள்.

அப்புறம் அவர் துணையோடு கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். பெயர், தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். மேலாளருக்கு அல்ல, பாலிசியில் சொன்ன ஆளுக்கு. அதில் லாரி எண், நாள், நேரம், எடைமேடை காட்டிய எண், சீட்டில் இருக்கும் எண் மட்டும் போதும். "இவர் திருடன்" என்று ஒரு சொல்லும் வேண்டாம். நியாயமான காரணத்தோடு நம்பினீர்களா என்றுதான் சட்டம் கேட்கிறது. குற்றத்தை நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. மேலாளரின் கணினியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். 21 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகவும், விசாரிக்கப் போகிறோமா இல்லையா என்றும் அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்குள் முடிவெடுக்க முடியாவிட்டால் அதையும் எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். பெயர் தெரியாத குரலுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ-வில் (தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையம்) பதிய வேண்டும், கட்டணம் இல்லை. நீக்காமல் ஷிஃப்ட் மாற்றுவது, மிரட்டுவது போன்ற தொல்லைகளுக்கு 90 நாள். தகவல் சொன்னதற்காகத்தான் நீக்கினார்கள் என்று லேபர் கோர்ட் ஏற்றால், 24 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு விதிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சட்டத்தில் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்க ஆள் கிடையாது, வழக்கு முடியும்வரை வீட்டுச் செலவுக்குப் பணமும் கிடையாது. பபிதாவின் மரணத்துக்குப் பிறகு சீர்திருத்தம் வேண்டும் என்ற குரல் பலத்து, 2023-இல் நீதித்துறை அமைச்சகம் ஓர் ஆலோசனை ஆவணம் வெளியிட்டது. ஆவணம் யாரையும் காப்பாற்றாது. இரும்பு வாங்குகிறவர்கள் முரட்டு ஆட்கள் என்றோ, மிரட்டல் வரும் என்றோ தோன்றினால் வழக்கறிஞரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் வெளிவராமல் எப்படிக் கொண்டுபோவது என்று அவர் யோசிக்கட்டும். பிள்ளைகளை முன்னிட்டு நீங்கள் சும்மா இருந்தாலும் உங்களைக் கோழை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: வெருலமில் நாற்பது பேர் வேலை செய்யும் பேக்கரி எங்களுடையது. எங்களுக்கும் இப்படி ஒரு பாலிசி தேவையா? இணையத்தில் கிடைக்கும் மாதிரியை எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு முதலாளி, வெருலம்

பதில்: தேவை ஐயா. ஆள் கணக்குப் பார்க்காமல் எல்லா முதலாளிகளுக்கும் 2017 திருத்தம் அதைக் கடமையாக்கியிருக்கிறது. எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஊழியருக்கும் தெரியப்படுத்த நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டும். மாதிரியை அப்படியே ஒட்டாதீர்கள். இங்கிலாந்தின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் அப்படியே கிடக்கும் பாலிசியை டர்பன் கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு பக்கம் போதும். அதில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரி: புகார் உங்கள் மேலேயே என்றால் யாரிடம் போவது? உங்கள் தம்பியிடம் என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். வெளி ஆடிட்டரையோ வழக்கறிஞரையோ கேட்டு, அவர் சம்மதத்தோடு பெயரும் தொலைபேசி எண்ணும் போடுங்கள். 21 நாள் கெடுவையும் எழுதுங்கள். ஆங்கிலத்தோடு சுலு மொழியிலும் இருக்கட்டும். இரவு ஷிஃப்டில் அடுப்பு முன் நிற்பவர்களுக்கும் அது புரிய வேண்டும். பொய் என்று தெரிந்தே, கெடுதல் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் தகவல் சொல்லி, அதனால் கெடுதலும் நடந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்பது சட்டத்தில் இருப்பதுதான். அதை மட்டும் தடித்த எழுத்தில் முதல் வரியாகப் போடாதீர்கள். உண்மை சொல்ல வருபவரும் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

கேள்வி: கம்பெனியில் சொல்லி மாதங்கள் ஆகியும் பதில் இல்லை. ஃபேஸ்புக்கில் போட்டுவிடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம். வெளியே சொல்வதற்கும் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது கடைசி வாசல். சொந்த லாபத்துக்காக இருக்கக் கூடாது, எல்லாச் சூழ்நிலையையும் பார்த்து நியாயமாகவும் இருக்க வேண்டும். முன்பே சொல்லியும் அவர்கள் அசையவில்லை என்பது உங்கள் பக்கம் நிற்கும். அதைக் காட்ட உங்கள் முதல் கடிதத்தின் பிரதி கையில் இருக்கிறதா? இருந்தால், அரசுப் பணம் அல்லது அரசு நிறுவனம் சம்பந்தப்பட்டது என்றால், அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டருக்கு எழுதுங்கள். தனியார் கம்பெனி என்றால் அந்தப் பிரதியோடு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தொல்லை தொடங்கிவிட்டதென்றால் அந்த 90 நாள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.