உப்புத் தண்ணீரில் கரையுமா என்று கேட்ட பெண்

பாம்பனிலிருந்து சென்ற வாரம் ஒரு தாயும் தந்தையும் தாய்மாமனும் மகளை அழைத்துக்கொண்டு, மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார்கள். நீட் தேர்வில் இரண்டாம் முறையும் அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. தங்கச்சிமடத்து மனையை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்துவிடலாம் என்பது மாமனின் யோசனை. தந்தை அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று வாயே திறக்காத அந்தத் தாய்க்குத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா, வருத்தப்படாதீர்கள் என்று அன்றே சொல்லிவிட்டேன். இனிக் கணக்கைப் பேசுவோம். அத்தகைய இடங்களில் மருத்துவப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. நாலரை ஆண்டுகள் கட்ட வேண்டும், விடுதிச் செலவு வேறு. மனையை விற்ற பணம் முதல் ஆண்டோடு தீர்ந்துவிடும், மீதிக்கு வாங்கும் கடனுக்கு வட்டி கட்டப்போவது மாமன் அல்ல. இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

விரலில் துணி சுற்றிக்கொண்டு நீங்கள் முங்கிப் பறித்துவரும் கடற்பாசியில்தான் உங்கள் மகளுக்கான படிப்பும் இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் தருகின்றன, கட்டக்கோரை ஆல்ஜினேட் தருகிறது, மிதவையில் வளர்க்கும் பெப்சிப் பாசி காராஜீனன் தருகிறது. மூன்றுமே தண்ணீரில் கூழாக உறைந்து, நுண்ணிய வலை போலப் பின்னிக்கொள்ளும் பொருள்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒழுகாமல் நிற்கும் இத்தகைய வலைப்பின்னல்களுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். உடலுக்குள் பயன்படுத்தத்தக்க செயற்கை ஜெல்லைப் பற்றி 1960இல் செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு விக்டர்லே தம் பிள்ளையின் விளையாட்டுச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் கட்டி, மென்மையான கான்டாக்ட் லென்ஸை வார்த்தெடுத்தார்.

என் மேசையில் சோடியம் ஆல்ஜினேட் கரைசலும் கால்சியம் குளோரைடு கரைசலும் எப்போதும் இருக்கும். முன்னதைப் பின்னதில் சொட்டுச் சொட்டாக விட்டபோது ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல உருண்டு நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். மாமன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்து, “உப்புத் தண்ணில கிடந்தா இது கரைஞ்சு போகுமா சார்?” என்று கேட்டாள். இந்தத் துறையினரை இன்றும் அலைக்கழிக்கும் கேள்வி அது. அந்த மணிக்குள் ஆல்ஜினேட் இழைகளைக் கோத்து வைத்திருப்பது கால்சியம். உடல்நீரில் இருக்கும் சோடியம் மெல்ல அதன் இடத்தைப் பிடிக்க, ஜெல் தளர்ந்துபோகிறது. புண்ணின் மேல் வைத்துக் கட்டும் ஆல்ஜினேட் துணியில் இதுவே நன்மையாகிறது: கசிவை உறிஞ்சிக் குழைந்து, தசையைப் பிய்க்காமல் கழன்று வருகிறது. சிகிச்சைக்காக உயிருள்ள செல்களை ஏற்றி உடலுக்குள் வைக்க வேண்டிய ஜெல்லிலோ அதுவே பெருங்குறையாகிவிடுகிறது.

மருத்துவத்துக்கு உதவும் ஜெல்லைப் படிக்கப்போகிறாள் என்று கேட்டதும், பயோமெடிக்கல் பொறியியலில் சேருங்கள் என்று தனியார் கல்லூரி முகவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அங்கே பெரும்பகுதி மருத்துவக் கருவிகளைப் பற்றிய பாடம். ஜெல்லுக்கு வேண்டியது வேதியியல். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி போன்ற ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேரட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்கு முயலலாம். பிறகு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், தானே உருவாக்கிய இதய வால்வை 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய இடம்; உயிரிப்பொருள், அதாவது உடலில் வைக்கத்தக்க பொருள், பற்றிய ஆய்வுக்கென்றே அங்கு ஒரு வளாகம் இருக்கிறது. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், தோலில் இருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தைப் பற்றிய ஆய்வு நடக்கிறது. மண்டபத்தில், உங்கள் வீட்டுக்கு ஒரு பேருந்து தூரத்தில், மத்திய அரசின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது.

அந்த ஆய்வு உதவித்தொகை வரவே ஐந்து ஆண்டுகள் ஆகும், முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்து ஆகலாம். ஊறவைத்து எடை பார்ப்பது, கெட்டித்தன்மையை அளப்பது, செல் செத்ததா பிழைத்ததா என்று பார்ப்பது, சரிவராமல் மறுபடி தொடங்குவது என்றே பல நாள்கள் போகும். அதற்குப் பொறுமை அவளுக்கு உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உறவினர் என்ன சொல்வார்கள் என்பதை அல்ல.

அந்த மணிகளை உப்புத் தண்ணீர் ஊற்றிய புட்டியில் எடுத்துப்போயிருக்கிறாள். தினமும் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மனைக்கு விலை பேச மாமன் வரும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள்.