தென்னையில் சுருள் வெள்ளை ஈக்குக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளை விடுவது உண்மையிலேயே பலன் தருமா?

பலன் தரும், ஆனால் மருந்து தெளித்த மறுநாளே ஈ மடிவதைப் போன்ற பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனைமலைப் பகுதியில் உள்ள எங்கள் தோப்பில் இதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஈ, இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில்தான் முதலில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, அவற்றை வெண்மெழுகால் மூடி வைக்கிறது. அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ்மட்டைகளின் மேல் விழ, அதில் கரும்பூசணம் படர்கிறது. ஈ ஓலையின் அடியில் இருப்பதால், தரையில் நின்று தெளிக்கும் மருந்தில் பெரும்பங்கு அதன் மேல் படுவதே இல்லை.

இந்த ஈக்கு எதிராகப் பரிந்துரைக்கப்படும் கண்ணாடி இறக்கைப் பூச்சி இனத்தின் பெயர் அபெர்டோகிரைசா ஆஸ்டர். இரவில் விளக்கடியில் வந்து அமரும் வெளிர்பச்சைத் தாய்ப்பூச்சி தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழ்வது. வேட்டையாடுவது அதன் புழுதான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், தான் உறிஞ்சிய இரைகளின் தோலையும் மெழுகுத் துகள்களையும் முதுகில் சுமந்தபடி, ஒரு குப்பைத் துணுக்கு தானாக நகர்வதைப் போல அந்தப் புழு ஊர்ந்து செல்வதைக் காணலாம். வளைந்த இரு தாடைகளும் உள்ளே துளை உடையவை. வெள்ளை ஈயின் குஞ்சைக் குத்திப் பிடித்து, செரிமான நீரை உட்செலுத்தி, கரைந்ததை உறிஞ்சியபின் வெறும் தோலையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும்.

முட்டைகள் ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கின்றன. எக்டேருக்கு 1000 முட்டைகள் என்பது பரிந்துரை. முட்டை ஒட்டிய காகிதத்தைத் துண்டுகளாக நறுக்கி, ஈ மிகுந்த கீழ்மட்டைகளின் அடிப்புறத்தில் மாலை வேளையில் பின்னடித்து விட வேண்டும். வாங்கி வந்த உறையை அப்படியே வீட்டில் வைத்திருந்தால், முட்டையிலிருந்து பொரிந்து வந்த புழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பாதி ஏமாற்றங்களுக்கு இந்தத் தாமதமே காரணம் என்பது என் கணிப்பு. இனிப்பு நீரைத் தேடி மரமேறும் எறும்புகளும் முட்டைகளை விட்டுவைப்பதில்லை.

இதை மட்டும் நம்பியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பல தோப்புகளில் பெரும்பகுதி வேலையைச் செய்வது என்கார்சியா குவாதலூபே என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியே. ஈயின் கூட்டுப்புழு உறைகளில் வட்டமான சிறு துளைகள் தென்பட்டால், குளவி அங்கே வேலை செய்து வெளியேறியிருக்கிறது என்று பொருள். குளவி முட்டையிட்ட ஈக்குஞ்சுகள் உள்ள ஓலைத் துண்டுகளை எடுத்துச் சென்று, அது இன்னும் வந்து சேராத மரங்களில் கட்டலாம். கரும்பூசணத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு வீதம் பசையாக்கி ஓலையின் மேல் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது கருமையும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

இரசாயனப் பூச்சிக்கொல்லியை மட்டும் இதனுடன் கலக்கவே கூடாது. குளவியும் புழுவும் மடிந்தபின் எஞ்சிய ஈ முன்னைவிட வேகமாகப் பெருகும். பக்கத்துத் தோப்பில் மருந்து தெளிப்பவர் இருந்தால், எல்லையோர வரிசைகளை விட்டுவிட்டு உள்வரிசை மரங்களில் முட்டைகளை வைப்பது நல்லது.