மால்டோவா ஒயினும் திருப்பூர் ஷிப்பிங் ஃபைலும்

வணக்கம் சார்.

போன வாரம் மகளோடு வந்திருந்தபோது நீங்கள் அதிகம் பேசவில்லை. வீட்டுக்குப் போனபின் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில்தான் மனசில் இருந்தது வெளியே வந்தது. "எம்.பி.ஏ. படிச்சுட்டு நம்ம கம்பெனியையே பாரும்மான்னா, ஏதோ ஏழை நாட்டு ஏற்றுமதியை வளர்த்து விடற வேலைக்குப் போறேங்கறா. அது என்.ஜி.ஓ. வேலைதானுங்களே? அதுக்குப் பணம் குடுத்துட்டிருந்த அமெரிக்கா ஆபீஸையே மூடிட்டாங்களாமே?"

இதே கவலையோடு, படிப்பு ஆலோசனை கேட்டு வேறு சில பெற்றோரும் என்னிடம் வருகிறார்கள். அதனால் உங்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில், இது தானதர்ம வேலை இல்லை. இதற்கு 'வர்த்தகத்துக்கான உதவி' என்று பெயர். 2005 டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில்தான் இதை ஒரு தனித் திட்டமாக அறிவித்தார்கள். யோசனை எளிமையானது. பணக்கார நாடு இறக்குமதி வரியைக் குறைத்துவிட்டால் மட்டும் ஏழை நாட்டுப் பொருள் கப்பல் ஏறிவிடாது. சாலை வேண்டும், சோதனைக்கூடம் வேண்டும், கஸ்டம்ஸ் ஒழுங்காக நடக்க வேண்டும், சரக்கை வாங்கும் பையர் கேட்கும் தாளை நிரப்பத் தெரிந்த ஆள் வேண்டும். இவற்றை உண்டாக்கப் போகும் பணம்தான் இது. எல்லாம் இனாமும் இல்லை, கணிசமான பகுதி சலுகைக் கடன்.

உங்கள் மகள் குறிப்பாகச் சொன்னது சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த நாடுகளை. அரசாங்கமே உற்பத்தி செய்து அரசாங்கமே விற்ற முறையிலிருந்து, 1991க்குப் பின் சந்தைக்கு மாறியவை. அவற்றிலும் வசதி குறைந்தவை: கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், மால்டோவா. கிர்கிஸ்தான் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் எம்.பி.பி.எஸ்.தான் ஞாபகம் வரும். என்னிடம் வருபவர்களில் பலர் அதன் தலைநகர் பிஷ்கெக்கில் காலேஜ் ஃபீஸ் எவ்வளவு என்று விசாரிக்கத்தான் வருகிறார்கள். அந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு.

பழைய சோவியத் நாடுகளில் உலக வர்த்தக அமைப்பில் முதலில் சேர்ந்தது கிர்கிஸ்தான்தான், 1998 டிசம்பரில். கதவு திறந்தது. வெளியே கொண்டுபோக என்ன இருந்தது? பிஷ்கெக் ஓரத்தில் டொர்டோய் என்று ஒரு சந்தை. கன்டெய்னர் மேல் கன்டெய்னரை அடுக்கி, கீழே கடை, மேலே குடோன். சீனச் சரக்கு வந்து இறங்கும், கசகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் போகும். அதை ஒட்டி ஊருக்குள் சின்னச் சின்னத் தையல் யூனிட்டுகள் முளைத்தன. சீனத் துணி, கிர்கிஸ் தையல், ரஷ்ய வாடிக்கையாளர். திருப்பூரில் துணி ஏற்றுமதி செய்கிற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அடுத்தவர் துணியைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் பற்றி உங்களுக்குத் தெரியாதா!

2016 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சலுகை கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிர்கிஸ் பொருள்களுக்கு இறக்குமதி வரி கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேனோ பாலோ இறைச்சியோ ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமென்றால் வரி பூஜ்யமாக இருந்தால் போதாது. அந்த நாட்டிலேயே மருந்து எச்சங்களை ஆண்டு முழுக்கக் கண்காணிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும், அதை ஐரோப்பா ஏற்றுத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் தூத்துக்குடி இறால் ஐரோப்பாவுக்குப் போகிறதென்றால் பின்னால் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் என்ற மத்திய அரசு அமைப்பு நிற்கிறது. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அது கையெழுத்துப் போடாவிட்டால் இறால் நகராது. இப்படி ஒரு அமைப்பைக் காலூன்றச் செய்வதுதான் உங்கள் மகள் சொல்லும் வேலையில் பாதி.

தஜிகிஸ்தானின் வடக்கே இஸ்ஃபரா பக்கம் பாதாமி பழம் பிரசித்தம். வெயிலில் காயவைத்து விற்பார்கள். கந்தகப் புகை காட்டினால் பழம் பொன்னிறமாக இருக்கும், காட்டாவிட்டால் கறுத்துப்போகும். பையருக்குப் பொன்னிறம் பிடிக்கும். ஆனால் ஐரோப்பாவில் உலர்ந்த பாதாமியில் சல்ஃபர் டைஆக்சைடு ஒரு கிலோவுக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 1,900 இருக்கிறதா 2,300 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதிக்கக் கூடம் வேண்டும். அந்தக் கூடத்துக்கு, சோதனைக்கூடங்களின் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் இல்லையென்றால் வெளிநாட்டில் அந்த ரிப்போர்ட்டை மதிக்க மாட்டார்கள், சாம்பிளை வேறு நாட்டுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டியதுதான். சிறு விவசாயியின் லாபம் கூரியரிலேயே போய்விடும்.

இந்த இடத்தில் உதவிப் பணம் சொதப்புவதும் உண்டு. விலை உயர்ந்த மெஷினை வாங்கிக் கொடுத்து ரிப்பன் வெட்டிவிடுவார்கள். மூன்றாம் வருடம் கெமிக்கல் வாங்கப் பட்ஜெட் இருக்காது, பயிற்சி எடுத்த பையன் அதிகச் சம்பளத்துக்கு வேறு வேலைக்குப் போயிருப்பான், மெஷின் உறை போட்டபடி கிடக்கும். மெஷின் வாங்கும்போதே கெமிக்கலுக்கும் சம்பளத்துக்கும் வழி கேட்கிற ஆள்தான் இந்தத் துறைக்குத் தேவை. அந்தக் கேள்வி பட்டப்படிப்பில் வராது, தொழில் செய்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும்.

இப்போது மால்டோவா. ஒயின் வியாபாரம், முகம் சுளிக்காதீர்கள், படிப்பினை நமக்குத்தான். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே ஒரு சின்ன நாடு. மிலெஸ்தி மீச் என்ற ஊரில் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த சுரங்கங்களில் ஒயினைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், 2005இல் உலகிலேயே பெரிய ஒயின் சேமிப்பு என்று கின்னஸில் இடம்பிடித்தது. இவ்வளவு இருந்தும் விற்பனையில் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு. 2006 மார்ச்சில் ரஷ்யா ஒரே நாளில் நிறுத்தியது. பூச்சிமருந்து எச்சம், கன உலோகம் என்றது. அரசியல்தான் காரணம் என்று மால்டோவாவில் பலரும் நம்பினார்கள். எதுவாக இருந்தால் என்ன, பாட்டில்கள் தேங்கின. ஒரே பையரை நம்பி ஓடும் யூனிட்டுக்கு அந்த பையர் ஆர்டரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அது ஒரு நாட்டுக்கே நடந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ரஷ்யர்களுக்குப் பிடித்த இனிப்பு ஒயின் மேற்கே அவ்வளவாக விலை போகாது. என்ன திராட்சை, எந்தப் பகுதி, எந்த வருடம் என்று லேபிளில் சொல்லியாக வேண்டும், சொன்னதை நிரூபிக்கவும் வேண்டும். 2010இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கி 7.5 கோடி யூரோ கடன் கொடுத்தது. தோட்டத்தைப் புதுப்பிக்க, புதுத் தொட்டி, பாட்டில் அடைக்கும் மெஷின், சோதனைக்கூடம் என்று அது பிரிந்து போனது. சந்தைப்படுத்தவும் பயிற்சிக்கும் அமெரிக்க உதவி வந்தது. சட்டத்தைத் திருத்தி, 2013இல் திராட்சைக்கும் ஒயினுக்கும் என ஒரு தேசிய அலுவலகம் வைத்தார்கள். தனித்தனி ஆலைப் பெயர்களோடு நாட்டின் பெயரையே ஒரு பிராண்டாக வெளியே காட்ட ஆரம்பித்தார்கள்.

2013 செப்டம்பரில் ரஷ்யா மறுபடி தடை போட்டது. இந்தத் தடவை அடி விழுந்தாலும் ஆள் விழவில்லை. 2014 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் மால்டோவா ஒயினுக்கு அளவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. இன்று அவர்கள் ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் போகிறது. உதவி வந்ததால் மாறினார்களா, அடி வாங்கியதால் மாறினார்களா என்றால், என் கணக்கில் அடிதான் முதல். மாற வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தபின் வந்த பணம் வேலை செய்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலை 1 அன்று அந்த உதவியை நடத்திவந்த யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே முடிவுக்கு வந்தது. பிரிட்டன் 2027க்குள் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. ஒரு காலத்தில் அது 0.7 சதவீதம். அனுபவம் உள்ளவர்களே வேலை இழந்து, அதே இடங்களுக்கு வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக வரும் உங்கள் மகளுக்கு இது நல்ல நேரம் என்று நான் சொன்னால் அது பொய்.

இன்னொரு உண்மை. ஐ.நா. அமைப்புகளில் இளையவர்களுக்கான ஜே.பி.ஓ. பதவிகளுக்குப் பணம் கட்டுவது பணக்கார நாடுகள், பெரும்பாலும் தங்கள் குடிமக்களுக்கே. ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவா வாடகையை மட்டும் நாம்தான் கட்ட வேண்டும். மற்ற வேலைகளும் திட்டம் இருக்கும்வரைதான், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். கல்யாணப் பேச்சில் "பொண்ணு பர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள் என்றால், இல்லை என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் துறை காலியாகிவிடவில்லை. 2017 பிப்ரவரியில் உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம், அதாவது எல்லையில் சரக்கு தேங்காமல் நகர்வதற்கான ஒப்பந்தம், அமலுக்கு வந்தது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு வளரும் நாடும் தன் கடமைகளைத் தானே மூன்றாகப் பிரித்துக்கொள்ளும்: உடனே செய்வது, அவகாசம் கொடுத்தால் செய்வது, அவகாசமும் உதவியும் இருந்தால்தான் செய்வது. அந்த மூன்றாவது பட்டியலில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவர் போய்ச் செய்துகொடுக்க வேண்டிய வேலை. ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜெனீவாவில் 1964 முதல் இருக்கும் சர்வதேச வர்த்தக மையம் எல்லாம் இதில் இருக்கின்றன. இரண்டு வங்கிகளிலும் இந்தியா உறுப்பினர், அதனால் இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம். டெல்லியில் ஆர்.ஐ.எஸ். என்ற ஆய்வு நிறுவனமும், ஐ.ஐ.எஃப்.டி. என்ற வெளிநாட்டு வர்த்தகக் கல்வி நிறுவனத்தில் உள்ள டபிள்யூ.டி.ஓ. (உலக வர்த்தக அமைப்பு) ஆய்வு மையமும் நம் கைக்கு எட்டும் வாசல்கள்.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு முதல் பயிற்சிக்கூடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இல்லை, உங்கள் கம்பெனியின் டாக்குமென்டேஷன் டேபிள்.

அந்த மேஜையில் ஒரு ஷிப்மென்ட் ஃபைலை எடுத்துப் பாருங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், ஆரிஜின் சர்டிபிகேட், லேப் டெஸ்ட் ரிப்போர்ட். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு அலுவலகம், ஒரு கட்டணம், ஒரு காத்திருப்பு. சாயம் போகிறதா என்று பார்க்கும் கலர் ஃபாஸ்ட்னஸ் டெஸ்ட் ஃபெயில் ஆகி எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பீர்கள்? பிஷ்கெக்கில் தையல் யூனிட் வைத்திருப்பவரின் தலைவலியும் அதுதான். உங்கள் மகள் ஒரு வருடம் இந்தத் தாள்களோடு திரிந்தால், ஒவ்வொன்றும் எங்கே எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதி வைத்தால், புத்தகம் மட்டும் படித்தவர்களுக்கு இல்லாத ஒன்று கையில் இருக்கும். இதே கணக்கைத்தான் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆதரவோடு மத்திய ஆசிய எல்லைச் சாவடிகளில் லாரி லாரியாக எடுக்கிறார்கள். அப்படியே இந்தத் துறை கைகூடவில்லை என்றாலும் அந்த அனுபவம் வீணாகாது, நீங்கள் விரும்பியபடி கம்பெனிக்கே வரும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது மூன்று இருக்கிறது. ரஷ்ய மொழி: சென்னையில் ரஷ்யன் ஹவுஸில் வகுப்பு நடக்கிறது. மால்டோவாவின் மொழி ருமேனியன் என்றாலும், இந்த வட்டாரம் முழுக்க ஓரளவு செல்லுபடியாவது ரஷ்யன்தான். அப்புறம் புள்ளிவிவரம்: சர்வதேச வர்த்தக மையத்தின் டிரேட் மேப் தளத்தில் எந்த நாடு எதை யாருக்கு விற்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம், அதே அமைப்பு இணையத்தில் இலவச வகுப்புகளும் நடத்துகிறது. பிறகு முதுகலை. இந்தியாவிலேயே வர்த்தகப் பொருளாதாரம் படிக்கலாம், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் வெளிநாடு.

'மட்டும்' என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு நானே தலையாட்டினேன். வீட்டை அடமானம் வைத்து, பெரிய பெயருள்ள ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிப் படிப்பு. விளம்பரப் புத்தகத்தில் ஐ.நா. கட்டடத்தின் படம் இருந்தது, படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவன் இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், வேறு துறையில். கடன் இன்னும் முடியவில்லை. அவன் அப்பாவைக் கடைவீதியில் பார்த்தால் நான்தான் முதலில் தலை குனிகிறேன்.

மகளிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சரி என்றும் இப்போதே சொல்ல வேண்டாம். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கள். முதல் மாதம் ஒரே ஒரு ஷிப்மென்ட், துணி வந்தது முதல் கப்பல் ஏறியது வரை அதன் பின்னாலேயே அவள் போகட்டும். தூத்துக்குடிக்கும் ஒருமுறை கஸ்டம்ஸ் ஏஜென்ட்டோடு அனுப்புங்கள். ஜூன் முதல் வாரம் இரண்டு பேரும் வாருங்கள். வரும்போது அந்த ஃபைலைக் கொண்டுவாருங்கள், விலை இருக்கும் பக்கத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.